எதிராளி எடுத்த பிரதி

பொருள் ஒன்று, ஆள் மூன்று என்கிறீர்கள். அந்தப் பொருளும் இந்த மூன்று ஆட்களும் ஒன்றேதானா, வேறா? ஒன்றேதான் என்றால், பிதா சுதன் அல்ல, சுதன் ஆவி அல்ல என்று தமக்குள் வேறுபட்டு நிற்பவையும், எந்த வேறுபாடும் இல்லாத ஒன்றும் ஒரே வஸ்து ஆகின்றன. அது எப்படி? வேறு என்றால் பொருளையும் சேர்த்து எண்ணுங்கள். அநாதியானவை மூன்றல்ல, நான்கு.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அபூ ஈசா அல்-வர்ராக், கிறிஸ்தவர்களிடம் வைத்த முதன்மையான கேள்வியின் சாரம் இது. இதை அவர் ஒரு தடவை கேட்டுவிட்டு நகர்ந்துவிடவில்லை. நீங்கள் இப்படிச் சொன்னால் இது வரும், அதைத் தவிர்க்க அப்படிச் சொன்னால் அது வரும் என்று ஒவ்வொரு வாசலாகப் போய் நிற்கிறார். படிப்பவனுக்கு மூச்சு முட்டும். ஆனால் ஒரு இடத்திலும் வசை இல்லை. மதங்களுக்கிடையே நடந்த வாதங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும்.

அவர் கேள்வி கேட்டது பொதுவாகக் ‘கிறிஸ்தவர்கள்’ என்ற கூட்டத்தை அல்ல. அன்றைய பாக்தாதில் மூன்று கிறிஸ்தவப் பிரிவினர் இருந்தார்கள். பாரசீக மண்ணில் வளர்ந்த கிழக்குச் சபையினர், அதாவது நெஸ்தோரியர், சிரியாவின் யாக்கோபியர், பைசாந்தியப் பேரரசரின் சபையோடு ஒத்துப்போன மெல்கியர். மூவருமே பிதா, சுதன், ஆவி என்பார்கள். கன்னி மரியாளிடம் பிறந்தவரில் தெய்வமும் மனிதமும் எப்படிச் சேர்ந்தன என்று கேட்டால் மூன்று திசையில் பிரிவார்கள். இயேசுவில் இரண்டு இயல்பும் இரண்டு ஆளும் உண்டு, விருப்பத்தால் ஒன்றுபட்டவை என்பது நெஸ்தோரியர் சொல்வதாக அன்றைய எழுத்தாளர்கள் தரும் விளக்கம். இரண்டும் சேர்ந்து ஒரே இயல்பு ஆயின என்பது யாக்கோபியர் தரப்பு. ஒரே ஆள், இரண்டு இயல்பு என்பது மெல்கியர் தரப்பு. அபூ ஈசா தம் நூலின் தொடக்கத்தில் மறுப்பு எதையும் எழுதவில்லை. மூன்று பிரிவினரும் என்ன நம்புகிறார்கள், எந்த இடத்தில் ஒத்துப்போகிறார்கள், எந்த இடத்தில் பிரிகிறார்கள் என்று விரிவாக எழுதி வைக்கிறார். அதற்குப் பிறகுதான் ‘இவர்களிடம் கேட்க வேண்டியது’ தொடங்குகிறது. அந்தப் பகுதியை மட்டும் தனியே பிரித்துக் கொடுத்தால் எழுதியவர் எந்த மதம் என்று சொல்வது கடினம்.

எந்த மதம் என்ற கேள்வி அவர் காலத்திலேயே இருந்தது. ஷியா என்றார்கள். உள்ளுக்குள் மானியின் இருமைக் கொள்கையை வைத்திருந்தவர் என்றார்கள். இறைவனின் ஒருமையைத் தர்க்கத்தால் நிறுவ முயன்ற முஃதசிலா சிந்தனையாளர்களோடு பழகி, பிறகு அவர்களாலேயே ஒதுக்கப்பட்டவர். நபித்துவத்தையே கேள்வி கேட்டதாகப் பழி சுமந்த இப்னு ராவந்தி இவருடைய மாணவர். வரலாற்றாசிரியர் மஸ்ஊதி தரும் கணக்குப்படி அபூ ஈசா இறந்தது 861-இல். மற்ற மதங்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் அழிந்துபோனது. பிற்கால நூல்களில் மேற்கோள் துணுக்குகளாக மட்டும் அதன் வாசனை தெரிகிறது. சந்தேகத்துக்கு ஆளானவரின் நூலைப் பிரதி எடுக்க யாரும் முன்வருவதில்லை.

இவரை இவருடைய காலத்தவரான அல்-ஜாஹிழோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஜாஹிழ் அரபு உரைநடையின் மன்னர். அவருடைய கிறிஸ்தவ மறுப்பு நூலைச் சிரிக்காமல் படிக்க முடியாது. கிறிஸ்தவர்கள் அரண்மனை எழுத்தர்களாகவும் மருத்துவர்களாகவும் செல்வாக்கோடு திரிவது அவருக்குப் பொறுக்கவில்லை. நல்ல குதிரை வைத்திருக்கிறார்கள், முஸ்லிம் பெயர்களை வைத்துக்கொள்கிறார்கள் என்று பட்டியல் போடுகிறார். ஒரு நெஸ்தோரியனிடம் அவனுடைய கடவுள் கொள்கையைக் கேட்டுவிட்டு, ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த அவன் தம்பியிடம் அதையே கேட்டால் வேறு பதில் வரும் என்கிறார். அருமையான கிண்டல்தான். ஆனால் அதற்குமேல் அவர் அந்தக் கொள்கைக்குள் இறங்கவில்லை. புரியவில்லை என்று சொல்வதையே வாதமாக ஆக்கிக்கொண்டார். அபூ ஈசாவோ அண்ணனிடமும் கேட்டார், தம்பியிடமும் கேட்டார், இரண்டையும் எழுதி வைத்தார், பிறகு இருவரிடமும் தனித்தனியே வாதம் செய்தார்.

கிறிஸ்தவர்களும் வாய்மூடி இருந்தவர்கள் அல்ல. 780-களின் தொடக்கத்திலேயே கலீஃபா அல்-மஹ்தியின் முன்னிலையில் கிழக்குச் சபையின் தலைவர் திமோத்தேயு இரண்டு நாள் பதில் சொல்லியிருக்கிறார். இவ்வளவு அறிவாளியான நீர், கடவுள் மனைவி கொண்டு மகனைப் பெற்றான் என்று சொல்லலாமா என்பதுதான் கலீஃபாவின் முதல் தாக்குதல். அப்படி எந்தக் கிறிஸ்தவனும் சொன்னதில்லை என்று மறுத்துவிட்டு, சூரியனும் அதன் ஒளியும் வெப்பமும் போல என்று அவர் தொடர்கிறார். இந்தத் திமோத்தேயுவின் ஆட்சி எல்லை சீனம்வரைக்கும், நம் மேற்குக் கடற்கரைவரைக்கும் விரிந்திருந்தது. அபூ ஈசா எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், 849-இல், கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வேணாட்டு அய்யனடிகள் கொடுத்த செப்பேட்டில் கூஃபி அரபியிலும் பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் சாட்சிக் கையெழுத்துகள் இருக்கின்றன. பள்ளி கிழக்குச் சபையைச் சேர்ந்தது. வணிகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுவதற்குத் திரித்துவம் குறுக்கே வரவில்லை.

சூரியன், ஒளி, வெப்பம் என்ற உவமை அரண்மனையில் எடுபடலாம்; கலாம் என்னும் தர்க்க இறையியலின் வல்லுநர்கள் முன்னால் எடுபடாது. அவர்கள் உவமையைக் கேட்பதில்லை, வரையறையைக் கேட்பார்கள். ஆகவே அரபியில் எழுதிய கிறிஸ்தவ இறையியலாளர்கள் ஒரு புதிய பாதை கண்டார்கள். ஹர்ரானின் தியோதோர் அபூ குர்ரா, தக்ரீத்தின் அபூ ராஇதா, பஸ்ராவின் அம்மார் ஆகிய மூவரும் மேலே சொன்ன மூன்று பிரிவுகளில் ஆளுக்கொன்றைச் சேர்ந்தவர்கள். இவர்களில் பஸ்ராவின் அம்மார்தான் அந்தப் பாதையில் வெகுதூரம் போனவர். வாதம் இப்படிப் போகும்: இறைவன் உயிருள்ளவன், அறிவுள்ளவன் என்று நீங்களும் சொல்கிறீர்கள். உயிர் இல்லாமல் உயிருள்ளவன் எப்படி? அறிவு இல்லாமல் அறிவுள்ளவன் எப்படி? அந்த அறிவைத்தான் நாங்கள் சுதன் என்கிறோம், வார்த்தை என்கிறோம். அந்த உயிரைத்தான் ஆவி என்கிறோம். உங்களிடமும் இருப்பதற்கு நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இது சாமர்த்தியமான நகர்வு. ஏனென்றால் இறைவனின் பண்புகளைப் பற்றிய சண்டை அப்போது முஸ்லிம்களுக்குள்ளேயே கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. குர்ஆன் இறைவனுக்கு அறிவு, ஆற்றல், பேச்சு எல்லாம் சொல்கிறது. அவை அவனுக்கு வேறானவையா, அவனேதானா? வேறு, அநாதி என்றால் அநாதியானவை பல ஆகிவிடும்; ஏகத்துவம் என்ன ஆகும் என்றார்கள் முஃதசிலாக்கள். நம்மூர் சாத்திரங்கள் குணம், குணி என்று பேசும் அதே சிக்கல்தான். இறைவன் அறிகிறான், ஆனால் அவனுக்குப் புறம்பான ‘அறிவு’ என்று ஒன்றைக் கொண்டு அறிவதில்லை, தானாகவே அறிகிறான் என்பது அவர்கள் கண்ட முடிவு.

அபூ ஈசா கிறிஸ்தவர்களின் அந்தப் பதிலையும் விடவில்லை. அறிவும் உயிரும் ஆட்கள் என்றால் ஆற்றல் ஏன் ஆள் இல்லை? கேட்டல், பார்த்தல் ஏன் இல்லை? மூன்றோடு நிறுத்தியது யார்? பொருள் ஒன்றே என்றால் தந்தைமை ஏன் ஒருவருக்கு மட்டும், மகன்மை ஏன் இன்னொருவருக்கு மட்டும்? மூன்று என்ற எண்ணுக்குக் காரணம் சொல்லச் சொல்லி அவர் துரத்தும் பக்கங்கள்தான் நூலின் உச்சம் என்பேன். அங்கே எதிராளிக்கு வேதத்தை மேற்கோள் காட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. அபூ ஈசாவோ வேதத்தை இருபக்கமும் தொடாத ஆட்டத்தை ஆடுகிறார். அவர் பைபிளையோ குர்ஆனையோ ஆதாரமாக வைத்து வாதாடுவதில்லை. தர்க்கம் மட்டும்.

ஆனால் தர்க்கம் கேட்டவன் வீட்டுக்குள்ளும் வரும். 833-இல் கலீஃபா அல்-மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டதே என்று ஒத்துக்கொள்ளாத நீதிபதிகளையும் அறிஞர்களையும் விசாரிக்கும்படி பாக்தாத் ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். தபரியின் வரலாற்றில் அந்தக் கடிதங்கள் இருக்கின்றன. குர்ஆன் படைக்கப்படாதது என்பவர்கள், மர்யமின் மகன் ஈசா இறைவனின் வார்த்தை, ஆகவே படைக்கப்பட்டவர் அல்ல என்னும் கிறிஸ்தவர்களைப் போன்றவர்கள் என்று அதில் குற்றம் சாட்டுகிறார். கிறிஸ்தவர்களுக்கு எதிராகத் தீட்டிய வாதம், சொந்த மார்க்கத்து ஆலிம்கள்மீது திரும்பியது. அடுத்த கலீஃபா காலத்தில் அஹ்மத் இப்னு ஹன்பல் இதற்காகச் சவுக்கடி பட்டார். விசாரணை ஏறத்தாழ பதினைந்து ஆண்டு நீடித்து, முடிவில் அடிபட்டவர் பக்கமே மக்கள் நின்றார்கள்.

பண்புகள் அநாதியானவை, அவை அவனும் அல்ல, அவனுக்கு வேறானவையும் அல்ல என்று நடுவழி சொன்ன இப்னு குல்லாப் என்ற முஸ்லிம் சிந்தனையாளரை, கிறிஸ்தவன் என்றே முஃதசிலா ஒருவர் திட்டினார். அவர் இதையெல்லாம் என்னிடம்தான் கற்றார் என்று பாக்தாத் ரோமர் குடியிருப்பில் ஒரு கிறிஸ்தவர் பீற்றிக்கொண்டதாகவும் ஒரு கதை உலவியது. வம்புப் பேச்சுதான், நம்ப வேண்டியதில்லை. ஆனால் எதிரிகள் எந்தக் கல்லை எடுத்தார்கள் என்பது முக்கியம். பின்னாளில் இதே நடுவழியை அஷ்அரி இறையியல் மரபு ஏற்றுக்கொண்டு, உலகின் பெரும்பாலான சுன்னி மதரஸாக்களில் அதுவே பாடமானது. ‘அவனும் அல்ல, அவனுக்கு வேறும் அல்ல’ என்ற வாய்பாட்டை அபூ ஈசாவிடம் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பார்? மெல்கியர்களுக்குச் செய்ததைத்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன்.

கடவுளின் ஒருமையைக் காக்கப் புறப்பட்டவர்களும் மூன்றைக் காக்கப் புறப்பட்டவர்களும் ஒரே சுவரில்தான் முட்டிக்கொண்டார்கள். பேசும் இறைவனை நம்புகிற எவருக்கும் அந்தப் பேச்சை எங்கே வைப்பது என்ற சிக்கல் உண்டு.

இந்த வரிசையில் தத்துவவாதி அல்-கிந்தியையும் சொல்ல வேண்டும். அவர் திரித்துவத்துக்கு எழுதிய மறுப்பு சில பக்கங்கள்தான். ஒவ்வொரு ஆளிலும் மூவருக்கும் பொதுவான பொருள் ஒன்று, அந்த ஆளுக்கே உரிய தனித்தன்மை ஒன்று என இரண்டு சேர்ந்திருக்கின்றன. சேர்க்கை என்றால் சேர்த்த காரணம் ஒன்று வேண்டும். காரணம் உள்ளது அநாதி ஆகாது. முடிந்தது. போர்ஃபிரியின் தர்க்கப் பாலபாட நூலை வைத்தே அவர் இதைச் செய்கிறார். அந்த நூல் கிறிஸ்தவப் பிள்ளைகள் முதலில் படிப்பது, அவர்கள் வீடுகளில் சாதாரணமாக இருப்பது என்பதே அதைத் தேர்ந்ததற்கு அவர் சொல்லும் காரணம்.

மனித அவதாரம் பற்றிய பகுதியில் அபூ ஈசாவின் கை இன்னும் ஓங்குகிறது. வார்த்தை மனிதனோடு ஒன்றாயிற்று என்பதை விளக்கக் கிறிஸ்தவர்கள் சொல்லிவந்த உவமைகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறார். கலந்தது போல, ஆடை அணிந்தது போல, கோயிலில் குடிகொண்டது போல, கண்ணாடியில் முகம் தெரிவது போல, மெழுகில் முத்திரை பதிவது போல. முத்திரை மோதிரத்தை மெழுகில் அழுத்தினால் மோதிரத்தில் இருந்த எழுத்து மெழுகுக்கு இடம் பெயர்வதில்லை. மெழுகில் இருப்பது வேறொரு எழுத்து. கண்ணாடியில் தெரிவது முகம் அல்ல. அப்படியானால் மரியாளிடம் பிறந்தவரில் இருந்தது வார்த்தையா, வார்த்தையின் பதிவா? பிறகு, ஒன்றாகும் அந்தச் செயலைச் செய்தது யார்? மூவரும் சேர்ந்து செய்தார்கள் என்றால் சுதன் மட்டும் ஏன் மனிதன் ஆனார்? சுதன் மட்டும் செய்தார் என்றால் மற்ற இருவரும் செய்யாத ஒன்றை அவர் செய்தார். பொருள் ஒன்று என்பது எங்கே?

சிலுவைக்கு வரும்போது கேள்வி இன்னும் நேரடியானது. அறையப்பட்டு இறந்தது எது? மனிதம் மட்டும் என்றால் இறந்தவர் கிறிஸ்து என்று சொல்லாதீர்கள், கிறிஸ்துவின் ஒரு பாதி என்று சொல்லுங்கள். தெய்வமும் என்றால், அந்த மூன்று நாளும் உலகைத் தாங்கியது யார்? எங்களுக்காகச் சிலுவையில் அறையப்பட்டவரே என்று இறைவனையே நோக்கி வழிபாட்டில் பாடிய யாக்கோபியர்களுக்கு இது வெறும் பள்ளிக்கூடப் புதிர் அல்ல.

இதற்கெல்லாம் பதில் எழுதியவர் ஒரு யாக்கோபியர்தான். யஹ்யா இப்னு அதீ. 893-இல் தக்ரீத்தில் பிறந்து பாக்தாதில் வாழ்ந்து 974-இல் இறந்தவர். அல்-ஃபாராபியின் மாணவர், அவருக்குப் பிறகு பாக்தாத் தர்க்கப் பள்ளியின் தலைவர். ஆனால் அவருக்குச் சோறு போட்டது பிரதி எடுக்கும் தொழில். இப்னு நதீம் தம் நூற்பட்டியலில் ஒரு சம்பவம் எழுதுகிறார். ஓயாமல் பிரதி எடுத்துக்கொண்டே இருக்கிறீரே என்று ஒருநாள் தாம் கடிந்துகொள்ள, யஹ்யா சொன்ன பதில் இது: தபரியின் குர்ஆன் விரிவுரையை என் கையாலேயே இரண்டு முறை பிரதி எடுத்துத் தொலைதூர மன்னர்களுக்குக் கொண்டுபோயிருக்கிறேன், கலாம் நூல்களில் எழுதியதற்குக் கணக்கே இல்லை, ஒரு பகல் இரவுக்கு நூறு தாள்வரை எழுதியவன் நான். தபரியின் விரிவுரை இன்றைய அச்சில் இருபது முப்பது பாகம் வரும். அதை ஒரு கிறிஸ்தவர் இரண்டு தடவை எழுத்தெழுத்தாக எழுதியிருக்கிறார்.

அந்தக் கலாம் நூல்களில் அபூ ஈசாவின் மறுப்பும் ஒன்று. யஹ்யா அதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு மறுக்கவில்லை. ஒரு பத்தி அபூ ஈசா, அடுத்து தம் பதில். மறுபடியும் ஒரு பத்தி அபூ ஈசா, மறுபடியும் பதில் என்று நூல் முழுவதையும் தம் நூலுக்குள் எடுத்து வைத்தார். பதில் சொல்லத் தேவையில்லாத அறிமுகப் பகுதியையும் விடவில்லை. கிந்தியின் சிறு மறுப்புக்கும் இதே உபசாரம்தான். இரண்டு நூல்களின் தனிப் பிரதிகளும் அழிந்துவிட்டன. திரித்துவத்துக்கு எதிராக ஒன்பதாம் நூற்றாண்டு எழுதிய கூர்மையான இரண்டு நூல்களும் நமக்குக் கிடைத்திருப்பது, அவற்றைத் தவறு என்று நிரூபிக்க உட்கார்ந்த ஒருவரின் நேர்மையால்.

அவர் பதில்கள் எப்படி? ஒன்று என்பதற்குப் பல வகை உண்டு, ஒரு வகையில் ஒன்றாயிருப்பது இன்னொரு வகையில் பலவாயிருக்கத் தடையில்லை என்பது அவருடைய மூலாதாரம். ஸைத் என்ற ஒருவன் மருத்துவனாகவும் கணிதனாகவும் எழுத்தனாகவும் இருக்கலாம். ஆள் ஒருவன், வரையறை மூன்று. இன்னும் உயரே போகும்போது அரிஸ்டாட்டிலின் இறைவனைக் கொண்டுவருகிறார். தன்னைத் தானே அறியும் அறிவு. அறிவது, அறிபவன், அறியப்படுவது மூன்றும் அங்கே ஒன்றே. இது ஃபாராபியிடம் கற்றது. அழகான கட்டுமானம். ஆனால் கிறிஸ்தவ விசுவாச அறிக்கையை வகுக்க நிக்கேயாவில் கூடிய ஆயர்கள் இந்த மூன்றைத் தங்கள் மூன்று என்று ஒத்துக்கொண்டிருப்பார்களா? ஸைதின் மூன்று திறமைகள் ஒன்றையொன்று நேசிக்க முடியாது. ஒன்று இன்னொன்றை உலகுக்கு அனுப்ப முடியாது. எண்ணிக்கைச் சிக்கலிலிருந்து யஹ்யா தப்பிக்கிறார். அதற்கு அவர் கொடுத்த விலை, சபையில் மண்டியிடுபவன் அழைக்கும் பிதாவும் சுதனும். அவதாரப் பகுதியில், மனிதன் என்ற அளவில் பாடுபட்டார், தெய்வம் என்ற அளவில் பாடுபடவில்லை என்ற பழைய பதிலுக்கு அவர் திரும்பும்போது அபூ ஈசாவின் கேள்வி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

அதற்குப் பின் வந்த மறுப்புகளில் எனக்கு இந்த ருசி இல்லை. அல்-பாகில்லானி 980-களில் தூதராகக் கான்ஸ்டாண்டிநோபிள் போனபோது, பெரிய குருவைப் பார்த்து மனைவி மக்கள் சௌக்கியமா என்று விசாரித்தாராம். எல்லோரும் திடுக்கிட, உங்கள் குருவுக்கே ஆகாததை இறைவனுக்கு ஆகும் என்கிறீர்களே என்றாராம். மேடையில் கைதட்டல் வாங்கும் பதில். திமோத்தேயு இருநூறு ஆண்டுக்கு முன்பே மறுத்த குற்றச்சாட்டும்கூட. கொர்தோபாவின் இப்னு ஹஸ்ம் சுவிசேஷங்களின் முரண்களை வரிவரியாகத் துருவினார். சைப்ரஸிலிருந்து வந்த ஒரு கிறிஸ்தவக் கடிதத்துக்கு இப்னு தைமிய்யா பல பாகங்களில் பதில் எழுதினார். இருவரும் பெரும் படிப்பாளிகள். ஆனால் விவாதம் வேதப் பிரதிகளின் நம்பகத்தன்மை பக்கம் சாய்ந்துவிட்டது. எது ஒன்று, எது பல என்ற கேள்வி பின்வரிசைக்குப் போனது. இன்று நம் ஊரில் இணையத்தில் நடக்கும் இஸ்லாமிய, கிறிஸ்தவ விவாதங்களும் பெரும்பாலும் அந்தத் தடத்தில்தான் ஓடுகின்றன. அவற்றில் எதிர்த்தரப்பு நம்புவதை எதிர்த்தரப்பே ஒப்புக்கொள்ளும்படி பத்து நிமிடம் எடுத்துச் சொன்ன ஒரு பேச்சாளரை நான் இன்னும் கேட்கவில்லை.

யஹ்யாவின் நூலை அடுத்த நூற்றாண்டுகளில் பிரதி எடுத்துக் காத்தவர்களும் அரபு பேசிய கிறிஸ்தவர்களே. 1992-இலும் 2002-இலும் டேவிட் தாமஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் அபூ ஈசாவின் பகுதிகளை மட்டும் அதிலிருந்து பிரித்தெடுத்து அரபு மூலத்தோடும் மொழிபெயர்ப்போடும் இரண்டு நூல்களாகப் பதிப்பித்தார். அவர் கையாண்ட சுவடிகள் இருப்பது பாரிஸ் தேசிய நூலகத்திலும் வத்திக்கானிலும்.